"உடுங்க, பழகிக்கும்" என்பவர்களுக்கு

வளவுக் காவலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நாய் வளர்ப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. அதே வீட்டுக்குப் பிள்ளைகள் ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தால் பெரியவர்கள் சொல்வது, "உடுங்க, ரெண்டும் பழகிக்கும்." சிலர் குட்டியை நாயின் மூக்கருகே நீட்டி வீடியோவும் எடுக்கிறார்கள். இதை நாங்கள் கண்டிக்கிறோம்.

முயலையும் வயல் எலியையும் துரத்திப் பழகிய நாய்க்கு, ஓடுகின்ற பூனையும் இரைதான். அடித்தால் அந்தக் குணம் போகாது. வாலாட்டுகிறதே என்பீர்கள். உடல் விறைத்து, கண் எடுக்காமல் பார்க்கும் நாய் வாலாட்டினாலும் நம்பாதீர்கள்.

முதலில் பூனைக்குத் தனி அறை, ஒரு கிழமையாவது. பூனை படுத்த பழைய சாரத் துண்டை நாய்க்கும், நாய் படுத்த சாக்கைப் பூனைக்கும் மணக்கக் கொடுங்கள். பிறகு கம்பிக் கதவுக்கு இரு பக்கமும் வைத்துக் காட்டுங்கள். நாய் பூனையை விட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு இறைச்சி. அது பழகிய பிறகுதான் ஒரே அறை. அப்போதும் நாய் கயிற்றில் இருக்க வேண்டும், பூனை ஏறிக்கொள்ள அலுமாரி உச்சி இருக்க வேண்டும். ஆளில்லாமல் இரண்டையும் விட்டுப் போகாதீர்கள். பூனையைப் பிள்ளையின் கையில் கொடுத்து நாய்க்கு முன்னால் நிறுத்தவே வேண்டாம். பயந்த பூனை பிள்ளையைத்தான் கடிக்கும். பூனைக் கடியாலும் விசர் நோய் வரும், இரண்டுக்கும் ஊசி போட்டிருக்கிறீர்களா?

மாதக்கணக்கில் முயன்றும் சில நாய்கள் மாறாது. அந்த வீட்டில் பூனை வேண்டாம், வேறு வீடு பாருங்கள். மீன் சந்தைக்குள் கொண்டுபோய் விடுவதை நாங்கள் சொல்லவில்லை.