அச்சு வெட்டத் தெரியாத இசைக் கல்வி

மின்னணு இசையைச் சுற்றிய ஒரு பழைய சண்டை தமிழ்ச் சூழலிலும் ஓயாமல் நடக்கிறது. சிந்தசைசரில் நிறுவனமே நிரப்பி அனுப்பும் ஆயத்த ஒலிகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் 'ப்ரீசெட்' என்றும் மேடைக் குழுக்களில் 'டோன்' என்றும் வழங்கப்படுகின்றன. இவற்றைக் கொண்டு இசையமைப்பது படைப்பா, சோம்பலா என்பதே அந்தச் சண்டை. ஒரு தரப்பு இதைத் திருட்டுக்கு நிகராக்குகிறது. மறு தரப்பு "பாட்டு நன்றாயிருந்தால் போதாதா?" என்று கேட்டு முடித்துக்கொள்கிறது. இரு தரப்பும் இசைக்கலைஞரின் தனிப்பட்ட ஒழுக்கத்தையே விசாரிக்கின்றன. விசாரிக்கப்பட வேண்டியது அவரை உருவாக்கும் கல்வி. ஆயத்த ஒலியைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் தெரியாதவர்களுக்குப் பட்டம் வழங்கி அனுப்புவதே குற்றம்.

1

பயன்படுத்துவதற்கும் உருவாக்குவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை இந்திய அரசு இசையில் உணராவிட்டாலும் தொழில்துறையில் நன்கு உணர்ந்திருந்தது. ஐதராபாத்தின் பாலாநகர் அதற்குச் சான்று. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளோடும் எண்ணற்ற சிறு பட்டறைகளோடும் வளர்ந்த தொழிற்பகுதி அது. பிரஸ் எந்திரத்தில் தகட்டை வைத்து இயக்கும் தொழிலாளி, ஒரே வடிவிலான உதிரிகளை நாள் முழுதும் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த உதிரியின் வளைவு, விளிம்பு, துளை ஆகிய அனைத்தும் எந்திரத்துக்குள் பொருத்தப்பட்ட 'டை' எனும் அச்சை வெட்டியவரின் முடிவுகள். அச்சு வெளிநாட்டிலிருந்து வந்தால் முடிவுகளும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன.

1968-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பங்கேற்போடும் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் பாலாநகரில் தொடங்கப்பட்டதன் பொருள் இதுவே. கருவி, டை, மோல்டு ஆகியவற்றை வடிவமைக்கவும் செய்யவும் கற்பிப்பது அதன் பணி. பிரஸ்ஸை இயக்கத் தெரிந்தால் போதும் என்று ஒரு பொறியியல் ஆசிரியர் அங்கே சொன்னால் சிரிப்பார்கள். ஒலிப் பொறியியல், இசைத் தயாரிப்பு என்ற பெயர்களில் நடக்கும் வகுப்புகள் பலவற்றிலோ அதுவே பாடம். ஆயிரக்கணக்கான ஒலிகள் அடங்கிய மென்பொருள் முதல் வாரத்திலேயே மாணவரிடம் தரப்படுகிறது. கடைசி வாரம் வரை அவர் அந்தப் பட்டியலில் ஏறி இறங்குகிறார். தேர்ந்தெடுப்பதும் ஒரு திறனே. ஆனால் தேர்ந்தெடுக்க மட்டும் தெரிந்தவர், பட்டியல் போட்டவரின் எல்லைக்குள்ளேயே வாழ வேண்டியவர்.

2

ஓர் ஆயத்த ஒலிக்குள் அடங்கிய முடிவுகள் எவை? ஒலி எவ்வளவு விரைவில் எழ வேண்டும், எப்போது தணிய வேண்டும், விரலின் விசைக்கு எவ்வாறு மறுமொழி தர வேண்டும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வதா அல்லது படி தாண்டுவதா, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகவே வெட்டுவதா. இவை அனைத்தும் ஓர் இசை மரபுக்குள் நின்று எடுக்கப்பட்ட முடிவுகள். "கீபோர்டில் கமகம் வராது" என்று சலித்துக்கொள்ளும் இசை ஆசிரியர், பெரும்பாலும் எந்திரத்தின் இயலாமையைச் சொல்வதில்லை. அதில் நிரப்பப்பட்ட ஒலியை அமைத்தவருக்குக் கமகம் தேவைப்படவில்லை என்பதையே சொல்கிறார்.

1991-இல் வெளியான ஜெனரல் மிடி என்னும் பொதுத் தரவரையறையைப் பார்த்தால் இது விளங்கும். எந்த நிறுவனத்தின் கருவியிலும் ஒரே எண்ணுக்கு ஒரே வகை ஒலி கிடைக்க வேண்டும் என்பதற்காக 128 ஒலிகள், எட்டெட்டாக 16 குடும்பங்களில் அடுக்கப்பட்டன. முதல் 8 இடங்கள் பியானோ குடும்பத்துக்கு. 105 முதல் 112 வரையிலான 8 இடங்களுக்கு இடப்பட்ட பெயர் 'எத்னிக்'. அதில் சிதாருக்கு 105, ஷெனாய்க்கு 112. இடையில் பாஞ்சோ, ஷாமிசென், கோட்டோ, கலிம்பா, பேக்பைப், ஃபிடில். வீணை இல்லை, நாகசுரம் இல்லை. தாளக் கருவிகளின் தனிப் பட்டியலில் மிருதங்கமும் இல்லை, தபலாவும் இல்லை. இதில் சதி எதுவும் இல்லை. பட்டியல் போட்டவர்களின் காதுக்கு எட்டிய உலகம் அவ்வளவே. வேதனை என்னவென்றால், அந்தப் பட்டியலையே ஒலியுலகின் வரைபடமாக ஏற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இங்கே வளர்ந்தது.

3

சிந்தசைசரில் நினைவகம் வந்ததன் நோக்கமே வேறு. தொடக்கக் கால மூக் மாடுலர் கருவியில் எந்த ஒலியையும் சேமிக்க வழியில்லை. ஆசிலேட்டரையும் ஃபில்டரையும் வடங்களால் இணைத்து, குமிழ்களைத் திருகி ஒலியை உருவாக்க வேண்டும். வடத்தைப் பிடுங்கினால் ஒலி போயிற்று. 1978-இல் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-5 நுண்செயலியின் துணையோடு 40 ஒலிகளைச் சேமிக்க வழிசெய்தது. கலைஞர் தாம் உருவாக்கிய ஒலியை அடுத்த நாள் மேடையில் மீட்டெடுப்பதற்கான வசதி அது. தொழிற்சாலை அந்த இடங்களை மாதிரிக்காக நிரப்பி அனுப்பியது. காலப்போக்கில் மாதிரியே சரக்காகிவிட்டது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்த மாதிரிக் கட்டுரையையே எல்லாரும் எழுதிக்கொடுத்த கதை.

இந்தத் திருப்பத்தின் அடையாளம் 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7. 2,00,000-க்கும் மேல் விற்ற அக்கருவியில் ஒலியைத் திருத்தக் குமிழ்கள் இல்லை. தட்டையான பொத்தான்களும் சிறு திரையும் மட்டுமே. ஆறு 'ஆபரேட்டர்'களை 32 வகையாக இணைக்கும் அதன் முறை கற்கக் கடினமானது. எனவே அதன் மின்பியானோ ஒலி எண்பதுகளின் பாடல்களில் உலகெங்கும் மாறாமல் ஒலித்தது. ஆனால் அந்தக் கருவியின் அடிப்படை எப்படிப் பிறந்தது? 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங், சுரத்தை மேலும் கீழும் அசைக்கும் வைப்ராட்டோவைக் கணினியில் மிக வேகமாக்கிப் பார்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல் காது அசைவைக் கேட்கவில்லை. புதியதொரு ஒலிநிறத்தைக் கேட்டது. சுர அசைவுக்கும் ஒலிநிறத்துக்கும் இடையே கதவு உண்டு என்ற அந்தக் கண்டுபிடிப்பு, அசைவையே உயிராகக் கொண்ட கர்நாடக இசை மாணவர்களுக்கு முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். அவர்களிடம் வந்து சேர்ந்ததோ அதன் மின்பியானோ மட்டும்.

4

இந்தியாவில் இதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாலாநகரில் அச்சு வெட்டும் பயிற்சி தொடங்கிய மறு ஆண்டு, 1969-இல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலியை அடியிலிருந்து கட்டினர். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்காஸ் என்னும் கலைஞர் அவற்றை வெளிக்கொணர்ந்து, 2023-இல் 1969–1972 காலப் பதிவுகளின் தொகுப்பாக வெளியாகும் வரை, இந்திய மின்னணு இசையின் வரலாற்றில் அந்தக் கூடத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் எந்த இசைத்துறையும் அந்த அலமாரியைத் திறக்கவில்லை என்பதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு வேண்டியதில்லை.

மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982-இல் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டும் அவ்வாறே. அவர் கையாண்ட ரோலண்ட் டிபி-303, தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் ஒலி தருவதற்காக விற்கப்பட்ட பெட்டி. அதில் ஆயத்த ஒலிப் பட்டியல் கிடையாது. ஒலியைத் திருத்தச் சில குமிழ்களும், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதியும் உண்டு. அந்த வழுக்கலில் ராகத்தின் அசைவுக்கு இடமிருப்பதை அவர் கேட்டார். தட்டு அன்று விலைபோகவில்லை. 1987-இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதே பெட்டியைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகைக்கு வழி வகுத்தது. 2010-இல் சிங்கின் தட்டு மறுவெளியீடு கண்டபோது மேலை உலகம் வியந்தது. அவர் புதிய எந்திரம் எதையும் உருவாக்கவில்லை. கடையில் வாங்கிய பெட்டியை, விற்றவர் நினைக்காத விதத்தில் திறந்தார். ஒலி வடிவமைப்பு என்பதன் நடைமுறைப் பொருள் அதுதான்.

5

"வயலின் வாசிப்பவர் வயலின் செய்கிறாரா?" என்பது இந்த விவாதத்தில் தவறாமல் வரும் கேள்வி. வலுவான கேள்வி போலத் தோன்றும். இசை மரபை அருகிலிருந்து பார்த்தவரிடம் நிற்காது. நாகசுரக் கலைஞர் சீவாளியைச் சீர்செய்து, தம் உதட்டுக்கும் மூச்சுக்கும் பழக்குகிறார். மிருதங்க வித்துவான் தொப்பியில் ரவை அப்பி, வலந்தலையைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்கிறார். வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்படுகின்றன. அவற்றின் இடத்தைக் காதுதான் தீர்மானிக்கிறது. பறையடிப்பவர் ஒவ்வொரு முறையும் தோலைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சுகிறார். தெலுங்கானாவின் டப்புக்கும் அதே தீ. இவர்களில் எவரும் 'ஆயத்த' ஒலியை வாசிப்பவர் அல்லர்.

மிருதங்கத்தின் நாதம் வித்துவான்களும், தோல் வேலை செய்த தலித் கைவினைஞர்களும் இணைந்து பல ஆண்டுகள் தேடிக் கண்டது என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் விரிவாகக் காட்டியது. அந்த நாதத்தை வடிவமைத்தவர்களின் பெயரைக் கச்சேரி உலகம் சொல்லாமல் விட்டது. இன்று ஒரு மேளத்தின் ஓர் அடியைப் பதிவு செய்து, பென்டிரைவில் 'டோன்' ஆக்கி விற்கும்போது அதே மறதி இன்னும் மலிவாக நடக்கிறது. அடித்தவர் யார், எந்த ஊர்த் தோல், எந்த நேரத்துச் சூடு என்பன உதிர்ந்து, ஊர்வலத்தில் பேடைத் தட்டும்போதெல்லாம் அதே ஓர் அடி திரும்பத் திரும்ப விழுகிறது.

6

"ஆயத்த ஒலிகள் ஏழைக்கும் இசையைத் திறந்துவிட்டன" என்ற வாதம் மதிக்கத்தக்கது. ஒரு கீபோர்டைக் கொண்டு திருமண மேடையில் குடும்பம் காப்பவரிடம் ஒலியலை வடிவங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்வது ஆணவம். விலையுயர்ந்த மாடுலர் கருவிகளை அடுக்கிவைத்து, பட்டியலைத் தொட்டவரையெல்லாம் இகழும் தூய்மைவாதமும் அதே ஆணவத்தின் வசதி படைத்த வடிவம். ஆயத்த ஒலிகளும் யாரோ ஒருவரின் உழைப்பே.

ஆனால் ஏழ்மையைக் காரணம் காட்டிக் கற்பிக்க மறுக்கும் நிறுவனங்களுக்கு அந்த வாதத்தில் பங்கில்லை. மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா, 2018-இல் திறந்த மூலமான சர்ஜ், நெடுங்காலமாகப் புழங்கும் சி-சவுண்ட் ஆகிய அனைத்தும் இலவசம். சாதாரணக் கணினியிலேயே இயங்குபவை. ஆயிரக்கணக்கான ஒலிகள் கொண்ட மென்பொருளுக்குத்தான் பணம் வேண்டும். ஒரு சைன் அலையிலிருந்து தொடங்குவதற்கு வேண்டியது ஆசிரியர் மட்டுமே. அந்த ஆசிரியர் இல்லை என்பதே உண்மையான வறுமை.

ஆய்வுலகமும் தப்ப முடியாது. 1986-இல் 'புன்னகை மன்னன்' கணினி இசைக்காகப் பேசப்பட்டது. 1992-இல் 'ரோஜா' வந்தபோது கேட்டவர்கள் முதலில் உணர்ந்தது ஒலியின் புதுமையை. ஆனால் தமிழ்த் திரையிசை ஆய்வேடுகளில் பாடல்வரிகளுக்கு ஓர் இயல், ராகங்களுக்கு ஓர் இயல்; ஒலிநிறத்துக்கு "நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியுள்ளார்" என்ற ஒரு வரி. எந்த ஒலி தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது, எது திருத்தப்பட்டது, எது சென்னைக் கூடமொன்றில் புதிதாகப் பிறந்தது என்ற கேள்வி எழுப்பப்படுவதே அரிது. அந்தக் காலத்து ஒலிக்கோப்புகள் இருந்த நெகிழ்வட்டுகள் படிக்க இயலாமல் அழிந்துகொண்டிருக்க, இன்னொரு அகமதாபாத் அலமாரி கண்முன்னே உருவாகிறது.

வேண்டுவன மூன்று. மின்னணு இசை கற்பிக்கும் எந்தத் துறையும் முதல் பருவத்தில் ஆயத்த ஒலிப் பட்டியலைப் பூட்டிவைத்து, ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் ஆகியவற்றிலிருந்து ஒலியைக் கட்டச் செய்ய வேண்டும். திரையிசை ஆய்வேடுகளில் ஒலிநிறப் பகுப்பாய்வு கட்டாய இயலாக வேண்டும். ஒலிக்கோப்புகளையும் அவற்றை அமைத்தவர்களின் பெயர்களையும் பல்கலைக்கழக நூலகங்கள் சுவடிகளைப் போலச் சேகரிக்க வேண்டும்.

இதன் பின்பு மாணவர் ஆயத்த ஒலியையே தேர்ந்தெடுத்தாலும் குறையில்லை. டை வெட்டத் தெரிந்தவர் பிரஸ்ஸை இயக்குவது அவரது விருப்பம். தெரியாதவருக்கு அது விதி. ஒரு வாக்கியம் தட்டினால் முழுப் பாடலையே தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட காலத்தில், அந்த விதி இன்னும் இறுகும். ஒலியைத் திறக்கத் தெரியாதவர் நாளை பாடலையும் திறக்க மாட்டார். பட்டம் கொடுக்கும் கைகள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.