கற்கும் கைகளும் நம் கண்களும்



சென்ற ஆண்டு என் பெரியத்தாவை ஆனைக்குட்டத்திலிருந்து ஓர் இலவசக் கண் முகாமுக்கு அழைத்துச் சென்றேன். வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. மருத்துவமனைப் பேருந்திலேயே அழைத்துப் போய், அறுவை செய்து, மூன்றாம் நாள் திருப்பிக் கொணர்ந்து விட்டார்கள். பார்வை தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு அவர் சொன்னது என் உள்ளத்தைத் தைத்தது.

"கண்ணுதான்டா மரத்துப் போச்சு, காது மரத்துப் போகலியே! ஒரு சின்னப் புள்ள கத்தி புடிக்குது. பக்கத்துல ஒரு பெரியவரு 'அவசரப்படாதம்மா, மெதுவா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. என் கண்ணை வச்சா அது படிச்சுது?"

இக்கேள்வியை நாம் தட்டிக் கழிக்கலாகாது.

ரமளானில் இளம் ஹாபிழ் ஒருவர் முதன்முறையாகத் தராவீஹ் தொழ வைக்கும்போது, மூத்த ஹாபிழ் ஒருவர் முதல் வரிசையில் நிற்பார். ஓரிடம் தடுமாறினால் அக்கணமே எடுத்துக் கொடுப்பார். இளையவர் தொழ வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஹாபிழ் இல்லை. மூத்தவர் பின்னால் நிற்காவிட்டால் தொழுகைக்குப் பாதுகாப்பு இல்லை. கண் அறுவையும் அவ்வாறே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓதலில் நேர்ந்த பிழையைத் திருப்பி ஓதித் திருத்தலாம். கண்ணில் நேரும் பிழை அவ்வளவு எளிதில் திருந்தாது.

பயிற்சி மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்றபின் கண் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவர். நல்ல நிறுவனங்களில் முதலில் ஆட்டுக் கண்களில் கைப்பழக்கம் தருகிறார்கள். பின்னர் அறுவையின் ஒரு படியை மட்டும் செய்யவிட்டு, மற்றவற்றை ஆசிரியரே முடிக்கிறார். எல்லாப் படிகளும் கைவந்த பிறகே முழு அறுவை. நுண்ணோக்கியில் ஆசிரியர் பார்க்கத் தனிக் கண்குழாயும் உண்டு.

இதில் ஆபத்து உண்டா? உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஓராண்டில் செய்த ஏறத்தாழ 80,000 கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டனர். அறுவையின்போது சிக்கல் நேர்ந்தது, நிலையான மருத்துவர்களிடம் 0.79 விழுக்காடு; மேற்படிப்பு மாணவர்களிடம் 2.06, வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் 5.01. பயிற்சி பெறுவோர் கையில், அதிர்வொலிக் கருவியால் புரையைக் கரைத்தெடுக்கும் முறையில் 4.8 விழுக்காடும், சிறு கீறல் வழியே கையால் எடுக்கும் முறையில் 1.46 விழுக்காடும் சிக்கல் கண்டது. அஞ்சப்படும் சிக்கல்களில் முதன்மையானது, வில்லையைத் தாங்கும் மெல்லிய பை கிழிவதாகும். உடனே கவனித்தால் பெரும்பாலும் சீர்செய்துவிடலாம். மூத்தவர் அருகிலிருக்க வேண்டியது அதற்காகத்தான்.

அம்மருத்துவமனையை 1976 இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியவர். கத்தி பிடிக்க மறுபடியும் கற்று, ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். கற்காமல் பிறந்த கை எதுவுமில்லை!

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தை மேற்பார்வையாளரான முஹ்தஸிபின் கடமைகளை ஒரு நூலில் தொகுத்தார். கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் நூலைக் கொண்டு சோதித்து, தேறியவரையே தொழில் செய்ய விட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழியையும் நாம் அறிவோம். கற்பவருக்குத் தடையில்லை, மேற்பார்வையின்றிக் கத்தி எடுப்பதற்கே தடை.

அப்படியானால் என் மனக்குறை எது? கற்கும் கைக்குப் பெரும்பாலும் ஏழையின் கண்ணே வாய்க்கிறது என்பது ஒன்று. அதை அவரிடம் சொல்வதே இல்லை என்பது மற்றொன்று. பெருவிரலில் மை தடவி உருட்டிய தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பெரியத்தாவுக்கு எவரும் படித்துக் காட்டவில்லை. படித்தவனான நானும் கேட்கவில்லை.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்து பிழைக்கும் நம் பகுதியில் கண் போனால் பிழைப்பே போயிற்று. விருதுநகரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கற்பவர்கள் வரட்டும், நாம் கேட்கப் பழகுவோம். அறுவை செய்பவர் யார்? அருகில் இருப்பவர் யார்? சிக்கல் நேர்ந்தால் யார் பொறுப்பேற்பார்? ஒரு கண் ஏற்கெனவே பார்வை இழந்தவராயின், மூத்த மருத்துவரே செய்ய வேண்டுமென்று வலியுறுத்துங்கள். சர்க்கரை நோய், இருமல், உண்ணும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். புரைக்குச் சொட்டு மருந்தால் தீர்வில்லை. அச்சத்தால் நாள் கடத்துவதும் தவறு. அறுவைக்குப் பின் தலை குனியவோ முகத்தில் நீர் படவோ கூடாதென்று மருத்துவர் சொன்னால், அந்நாள்களில் சைகையால் தொழவும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் பெரியத்தாவின் இடக்கண்ணுக்கு முறை வந்தது. இம்முறை நானே முன்சென்று கேட்டேன். இளம் மருத்துவர் ஒருவர் செய்வார், ஆசிரியர் அருகிலேயே இருப்பார், விருப்பமில்லையெனில் மறுக்கலாம் என்று மறைக்காமல் சொன்னார்கள். பெரியத்தா சற்று நேரம் யோசித்தார். "அந்தப் பெரியவரு கடைசி வரைக்கும் நிப்பாருல்ல?" என்று கேட்டார். "நிற்பார்" என்றனர். "அப்பச் சரி. போன தடவையே சொல்லியிருந்தா, அந்தப் புள்ளைக்கும் சேர்த்து துஆ கேட்டிருப்பேனே!" என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பார்வையையும், நமக்குப் பார்வை தரும் கைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.