பென்சில் கர்னல்

உங்க மனைக்குப் பட்டாவைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தால் ராத்திரி தூக்கம் வருமா? கனடாவில், ஈரி ஏரியின் வடகரையில், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலை அதுதான்.

பென்சிலைக் கையில் வைத்திருந்தவர் கர்னல் தாமஸ் டால்பட். 1771-ல் அயர்லாந்தில், மாலஹைட் கோட்டையில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே ராணுவ அதிகாரிப் பதவி! (நம்ம பசங்க அந்த வயசில் கோலி ஆடிக்கொண்டிருப்பார்கள்.) அப்போதெல்லாம் பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசுக்கு வாங்கலாம், விற்கலாம். டால்பட் 1800-ல் விற்றுவிட்டு, 1803-ல் கோடரியோடு கனடாவின் காட்டில் இறங்கிவிட்டார்.

அரசாங்கம் கொடுத்தது 5,000 ஏக்கர். ஒப்பந்தம்தான் பிரமாதம். ஒரு குடும்பத்தை 50 ஏக்கரில் குடிவைத்தால், கர்னலுக்கு 200 ஏக்கர். நானும் பி.காம். படித்தவன்தான். சரக்கைவிட நாலு மடங்கு கமிஷன்... ம்ஹூம், எந்தப் பாடத்திலும் வரவில்லை.

நிலம் கேட்டு வருகிறவர் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். பிடித்திருந்தால் வரைபடத்தில் பென்சிலால் பெயர் எழுதுவார். பிடிக்கவில்லையா? ஜன்னல் 'படார்'! அப்புறம் குடியேறியவர் வீடு கட்ட வேண்டும், பத்து ஏக்கர் காட்டைத் திருத்த வேண்டும், தன் நிலத்தை ஒட்டிய சாலையில் பாதியைச் சீர்செய்ய வேண்டும். இத்தனையும் முடித்தால்தான் உரிமை. நடுவில் கர்னலோடு மனஸ்தாபம் வந்தால் ரப்பர், புதுப் பெயர், முடிந்தது கதை. மரம் வெட்டிக் காய்த்துப்போன கையை எந்தக் கணக்கில் வரவு வைப்பது, சொல்லுங்க?

நியாயமாகச் சொன்னால், அந்தக் கண்டிப்பால்தான் காட்டுக்குள் நல்ல சாலை வந்தது. டால்பட் சாலை என்றே அதற்குப் பெயர்.

ஆனால் அது வெற்றுக் காடா என்ன? ஒட்டாவா, சிப்பேவா, பொட்டாவட்டோமி, ஹுரான் மக்களின் மண். 1790-ல் ஓர் உடன்படிக்கை. 1,200 பவுண்டு பெறுமான சாமான்களைக் கொடுத்து, ஏரிக்கரை நெடுக வாங்கிக்கொண்டார்கள். அவர்களை அழிக்க ரப்பர்கூடத் தேவைப்படவில்லை.

கல்யாணமே செய்துகொள்ளாத கர்னல் 1853-ல் காலமானார். சொத்தில் ஒரு பங்கு, வேலையாளாக வந்து காரியதரிசியாக உயர்ந்தவருக்கு. இன்னொரு பங்கு, சகோதரி மகன் ரிச்சர்ட் ஏரிக்கு. (ஆமாம் சார், பெயரே ஏரிதான்!)

இந்த ஏரியும் ராணுவ அதிகாரி. 1854-ல் கிரிமியப் போர். பாலக்லாவாவில் பிரிட்டிஷ் குதிரைப்படை, குழப்பமான ஓர் ஆணையை நம்பி, ரஷ்ய பீரங்கிகளுக்கு நேராகவே பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தளபதி சொல்லச் சொல்ல அந்த ஆணையை எழுதியவர் நம்ம ஏரிதான்.

எதனால் எழுதினார் தெரியுமோ? பென்சிலால்!

மாமா எழுதியதை ரப்பரால் அழித்தார். மருமான் எழுதியதை அழிக்க எந்தக் கடையிலும் ரப்பர் கிடைக்கவில்லை.