சிரிக்க வைக்கும் நாவலுக்காகக் காத்திருக்கலாம்

1984ஆம் ஆண்டு. லண்டன் ஹோட்டல் ஒன்றின் அறையில் டைப்ரைட்டர் முன்னால் ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் உட்கார வைக்கப்பட்டிருந்தார். பக்கத்து அறையில் காவல் இருந்தவர் அவருடைய பதிப்பாளர் சோனி மேத்தா. டெல்லியில் பிறந்து, பின்னாளில் நியூயார்க்கின் நாஃப் பதிப்பகத்துக்குத் தலைமை ஏற்றவர். 'ஹிட்ச்ஹைக்கர்' என்ற நகைச்சுவை அறிவியல் புனைகதை வரிசையின் நான்காவது நாவலுக்கு விதித்த கெடுக்கள் எல்லாம் கடந்துபோயிருந்தன. வேறு வழியில்லாமல் மேத்தாவே ஹோட்டலில் அறை எடுத்து, எழுதி முடிக்கும்வரை உடனிருந்து, கைப்பிரதியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆடம்ஸின் வாசகர்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4இல் நாடகமாகத் தொடங்கிய 'ஹிட்ச்ஹைக்கர்' கதை, மறுஆண்டே நாவலானது. அந்த முதல் நாவலுக்கே கெடு தவறியது. எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தோடு நிறுத்தி அனுப்பிவிடுமாறு பதிப்பகம் சொன்னதால்தான் புத்தகம் சட்டென்று முடிகிறது என்பார் ஆடம்ஸ். வானொலித் தொடரின் இரண்டாம் பகுதியிலோ, ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வசனம் பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தது.

இதைச் சோம்பல் என்று ஒதுக்குவது அநியாயம். வாசகரைச் சிரிக்க வைக்கும் அறிவியல் புனைகதைக்கு இரட்டைச் சுமை உண்டு. கற்பனை அறிவியல் தன் தர்க்கத்தில் பிசகாமல் நிற்க வேண்டும். அதே தர்க்கத்திலிருந்து சிரிப்பும் பிறக்க வேண்டும்.

முதல் நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். புறவழிச்சாலை போடுவதற்காகக் கதாநாயகன் ஆர்தர் டென்ட்டின் வீட்டை இடிக்க வருகிறார்கள். திட்ட வரைபடம் முறைப்படி பார்வைக்கு வைக்கப்பட்டதாகச் சொல்கிறது உள்ளாட்சி அலுவலகம்; வைத்த இடம் யாரும் எட்டிப்பார்க்காத நிலவறை. சற்று நேரத்தில் விண்வெளிப் புறவழிச்சாலைக்காகப் பூமியையே இடிக்க வேற்றுக்கிரகக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவர்களும் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆல்பா சென்டாரியில், ஐம்பது ஆண்டுகளாக. ஓர் அலுவலக நடைமுறையை எழுத்துப் பிசகாமல் அண்டவெளிக்குப் பெயர்த்ததில் பிறந்த நகைச்சுவை இது. நிலம் எடுப்பு நோட்டீஸைக் கையில் வாங்கிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, அந்தக் கப்பல்களில் ஒன்றில் ஏறிக்கொண்ட ஆர்தரும் நண்பர் ஃபோர்டும் அதிலிருந்து விண்வெளியில் தூக்கி எறியப்படுகிறார்கள். அங்கே அவர்களை இன்னொரு கப்பல் வந்து காப்பாற்றுவதற்குச் சாத்தியமே இல்லை. ஏதோ ஒரு கப்பலை வரவழைத்து ஒப்பேற்ற ஆடம்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. எதிராளியின் எடையையே அவனை வீழ்த்தப் பயன்படுத்தும் ஜூடோவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது வழி கிடைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். சாத்தியமின்மைதான் சிக்கல் என்றால், சாத்தியமின்மையாலேயே இயங்கும் ஒரு கப்பல் வரட்டும்! அந்த வரிசையின் மிகப் புகழ்பெற்ற இயந்திரம் அப்படித்தான் உருவானது. இத்தகைய யோசனை எந்த நாளில் வரும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதிவைக்க முடியாது.

ஐந்தாவது நாவல் 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' 1992இல் வந்தது. அதன் முடிவு இருண்டுபோனதில் ஆடம்ஸுக்கே மனக்குறை. ஆறாவதாக ஒன்று எழுதி வரிசையை நம்பிக்கையோடு முடிக்க விரும்பினார். வாசகர்களும் காத்திருந்தார்கள். 2001 மே 11 அன்று, 49 வயதில், கலிஃபோர்னியாவில் மாரடைப்பால் அவர் இறந்தார்.

பிறகு நடந்தவை இரண்டு. அவருடைய கணினிகளில் கிடைத்தவற்றை பதிப்பாசிரியர் பீட்டர் குசார்டி தொகுத்து 2002இல் 'த சாமன் ஆஃப் டவுட்' என்ற நூலாக்கினார். கட்டுரைகளோடு ஒரு துப்பறியும் நாவலின் முடிவுபெறாத அத்தியாயங்களும் அதில் உண்டு. பல வரைவுகளிலிருந்து தேர்ந்து கோத்தவை என்றாலும் எழுத்து ஆடம்ஸுடையது. 2009இல் அவர் மனைவி ஜேன் பெல்சனின் சம்மதத்தோடு, அயர்லாந்து எழுத்தாளர் ஓவன் கோல்ஃபர் ஆறாவது 'ஹிட்ச்ஹைக்கர்' நாவலை எழுதினார். மூன்றாவது வழியைக் காட்டியது இன்னொரு நகைச்சுவை நாவலாசிரியரான டெர்ரி பிராட்செட்டின் விருப்பம்: முடிவுபெறாத அவருடைய படைப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க், அவர் மறைந்து இரண்டு ஆண்டு கழித்து, 2017 ஆகஸ்டில் நீராவி ரோடு ரோலரின் கீழ் நசுக்கப்பட்டது.

மூன்றில் பிராட்செட்டின் வழி வாசகரை அதிகம் வலிக்கச் செய்வது. ஆனால் அது எழுத்தாளர் தாமே எடுத்த முடிவு. அதை மதித்தது சரி. அப்படி எதுவும் சொல்லாமல் ஒருவர் மறைந்தால், எழுதியவரை உள்ளதை உள்ளபடி அச்சிடுவதே நேர்மை. மர்மக் கதையின் முடிச்சை இன்னொருவர் அவிழ்த்துவிடலாம். நகைச்சுவை நாவலில் கதை பாதிதான். மீதி, வாக்கியம் எங்கே திரும்புகிறது, எந்தச் சொல் கடைசியில் வந்து விழுகிறது என்பதில் இருக்கிறது. 'ஹிட்ச்ஹைக்கர்' வாசகர்கள் ஆர்தர் டென்ட்டுக்கு அடுத்து என்ன ஆகும் என்பதற்காக மட்டும் காத்திருக்கவில்லை. அதை ஆடம்ஸ் எப்படிச் சொல்வார் என்பதற்காகவே காத்திருந்தார்கள்.

கோல்ஃபரின் நாவலையும் குறை சொல்வதற்கில்லை. அட்டையில் அவர் பெயரே இருந்தது. யார் எழுதியது என்று தெரிந்துதான் வாசகர் வாங்கினார். மறைந்தவரின் நடையைக் கணினி நொடியில் போலி செய்யும் இன்றைய நிலையில் இந்த வெளிப்படைத்தன்மை கட்டாயம் ஆக வேண்டும். இறந்த எழுத்தாளர் பெயரில் புத்தகம் கொண்டுவரும் பதிப்பகம், அவர் எழுதியது எவ்வளவு, மற்றவர் சேர்த்தது எவ்வளவு, சேர்த்தவர் யார் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். உயிரோடு இருப்பவருக்குத் தர வேண்டியது அவகாசம். சோனி மேத்தா பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாரே தவிர, ஆடம்ஸுக்குப் பதில் வேறொருவரை டைப்ரைட்டர் முன் உட்கார வைக்கவில்லை.