தகவு எது? ‘டெக்கோரம்’ என்னும் சொல்லும் தோட்டத்துத் தமிழும்

‘டெக்கோரம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நன்னடத்தை, தகவு என இரு பொருள் உண்டு. முன்னது அவைக்குரியது, பின்னது இலக்கியத்துக்குரியது. இவ்விரண்டையும் மயக்கிக் கொண்டோரே, மலையகப் புனைகதைகளில் தோட்டத்துப் பேச்சைக் கண்டதும் ‘இது தகாது’ எனத் தீர்ப்புரைக்கின்றனர்.

சொல்லின் வரலாறு அவர்க்குத் துணை நில்லாது. கிரேக்கரின் ‘பிரெப்போன்’ என்னும் சொல்லுக்கு ஈடாக ‘டெக்கோரம்’ என்பதை ஆண்ட சிசரோ, பொருளுக்கும் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் பொருந்திய உரையையே கருதினார். வணிகனும் உழவனும் ஒருபடித்தாகப் பேசலாகாது என்பது ஹொரேஸின் விதி. 11ஆம் நூற்றாண்டில் க்ஷேமேந்திரர் இப்பொருத்தத்தையே ‘ஔசித்தியம்’ எனப் போற்றினார். தொல்காப்பியப் பாயிரமும் செய்யுளோடு வழக்கையும் இலக்கணத்துக்கு அடிப்படையாக்கிற்று.

பிற்கால ஐரோப்பியச் செந்நெறியாளர் உயர்ந்தோர்க்கு அவலமும் எளியோர்க்கு நகையும் என வரம்பு கட்டியது உண்மையே. அது தகவன்று, சமூகப் படிநிலைக்கு இட்ட இலக்கிய வேலி. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் எழுந்த மரபு விவாதத்தில் பேச்சுத்தமிழை ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்தோர் நட்டதும் அவ்வேலியையே.

கொத்மலைத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை எண்ணுக. கொழுந்தின் நிறை குறைந்தால் அவளுக்கு விழுவது ‘அரைப்பேர்’. தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் உழைப்பின் பதிவு. ‘அரைநாட் கூலி’ என அதனைத் திருத்தினால் கணக்கு நிற்கும்; உழைத்தவளின் பெயரே பாதியாய்க் குறைந்துபோன அவலம் மறையும். பெரட்டு, லயம், கவ்வாத்து, பிள்ளைக்காம்பரா என்பனவும் அத்தகையனவே. அவளது வாயில் ஏட்டுத் தமிழைத் திணிப்பதே உண்மையில் தகவுக்கு மாறானது.

தோட்டங்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையும் (1914–1984), ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலைத் தந்த தெளிவத்தை ஜோசப்பும் இவ்வுண்மையை உணர்ந்தோர். துரையின் முன் தொழிலாளி தலைதாழ்த்தி நிற்பதையே ஒழுங்கெனக் கொண்ட தோட்டத்தில், அத்தொழிலாளியைத் தன் மொழியில் நிமிர்ந்து பேசவிட்டது இலக்கியமே.

எனவே ‘டெக்கோரம்’ பேசுவோர் முதலில் அச்சொல்லைக் கற்பாராக. நன்னடத்தையின் பெயரால் ஒரு மக்களின் வாயை அடைப்பது திறனாய்வன்று. அது கங்காணி வேலை.