தாயைப் பிரிந்த குட்டி

சென்ற வாரம் நமது இல்லத்திற்கு ஓர் அதிதி வந்து சேர்ந்தது. ஐந்து வாரமே நிறைந்த பொமரேனியன் நாய்க்குட்டி. உள்ளங்கையில் அடங்கும் அந்த ஜீவனுக்குப் பசும்பால் வார்த்தோம், வயிறு போயிற்று. நாய்ப்பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசும்பாலில் பாதிகூட இல்லை, சர்க்கரையோ அதிகம் என்பதைப் பிறகே அறிந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் குட்டி துவண்டு நடுங்கிக் கிடந்தது. மிருக வைத்தியர் டெலிபோனில் சொன்னபடி ஈறுகளில் தேன் தடவி, அவரிடம் எடுத்தோடினோம். வழியிலேயே கண் திறந்தது. "சிற்றினக் குட்டியின் உடலில் சர்க்கரைச் சேமிப்பு சொற்பம், இராப்பட்டினி அதற்கு யமன்" என்றார் அவர்.

அது முதல் மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், நாய்க்குட்டிகளுக்கென்றே உள்ள பால்மாவைக் கரைத்து, அதில் தீனியை ஊறவைத்துக் குழைத்து ஊட்டுகிறோம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் படுக்கையின் ஒரு புறம் மட்டுமே வைக்கிறோம். சூடு மிகுந்தால் விலகிக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? தினந்தோறும் நிறுத்துப் பார்க்கிறோம். எடை குறைவதே முதல் எச்சரிக்கை.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்பது 2017-ஆம் ஆண்டு விதி. விற்றவர் அதை மீறினார். அழகில் மயங்கிய நாமோ வயதைக் கேட்கவேயில்லை. அந்தப் பிழைக்குப் பிராயச்சித்தமாகவே இப்போது கண் விழிக்கிறோம்.