அம்மாவின் குறிப்பேட்டை யார் வாசிப்பது?

வீடியோ கேம் என்றதும் நம் வீடுகளில் முதலில் கேட்கும் குரல், "அதை மூடி வச்சிட்டு வந்து சாப்பிடு" என்பதுதான். அந்த கேமே ஒரு தமிழ் அம்மாவின் அடுப்படியாக இருந்தால்? 'வெண்பா' அப்படிப்பட்ட ஒன்று. டொராண்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. ஆடி முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் அது கிளப்பிவிடும் கேள்வி அவ்வளவு லேசில் அடங்காது: நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரிகிறது, சரி; வாசிக்க வருமா?

கதை எளிமையானது. 1988. தமிழ்நாட்டிலிருந்து கனடா வந்த வெண்பாவுக்கும் கணவர் பாவலனுக்கும் வாழ்க்கை பிடிபடவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும்போது வயிற்றில் பிள்ளை. தங்கிவிடுகிறார்கள். மகன் கவின் பிறக்கிறான், வளர்கிறான், மெல்ல விலகுகிறான். நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான்.

இதில் ஆடுபவரின் வேலை சமைப்பது. வெண்பாவிடம் அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. கறை படிந்து, கிழிந்து, சில வரிகள் அழிந்துபோனது. விடுபட்டதை நாம்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும்? புட்டுக்குழலில் எது முதலில், எது பிறகு? தப்பினால் பரவாயில்லை, மறுபடி செய்யலாம். சினிமாவில் அம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே சமைப்பது நம் விரல்கள்.

பிற்பகுதியில் ஆட்டம் கவினின் கைக்கு மாறுகிறது. அதே குறிப்பேடு. ஆனால் அவனுக்குத் தமிழ் அரைகுறை. சற்றுமுன் கிழிசலையும் தாண்டி நமக்குப் புரிந்த சமையல், இப்போது எழுத்து கண்முன்னே இருந்தும் பிடிபடவில்லை. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. யாரும் வந்து அறிவுரை சொல்லவில்லை. அம்மாவின் கையாக இருந்து பார்த்தோம், மகனின் கையாகவும் இருந்து பார்த்தோம். இனி ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல மனசு வராது.

இது தமிழருக்கு மட்டும் உறைத்த விஷயமும் அல்ல. 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் 'வெண்பா'வுக்குக் கிடைத்தன.

டென்மார்க்கில் இருந்துகொண்டு இதை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் யூலாந்தின் சிறு நகரங்களில் வேர்விட்டார்கள். 2002இல் அரசு சட்டத்தை மாற்றியது. ஐரோப்பிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தாய்மொழி சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை கொம்யூன்களுக்கு இல்லாமல் போனது. அதன்பின் தமிழ் எழுத்து, பெற்றோரின் கையிலும் வார இறுதியில் சம்பளம் பாராமல் வந்து நிற்கும் ஆசிரியர்களின் கையிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது.

நான் வசிக்கும் பிரெடெரிசியா 1650இல் உருவான கோட்டை நகரம். 1720 வாக்கில் பிரான்ஸின் ஹியூகெனாட் அகதிகள் இங்கே குடியேறிப் புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். அவர்களுடைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஒனோரே, டுபோன் என்ற குடும்பப் பெயர்களும் இருக்கின்றன. வீட்டுப் பேச்சு மட்டும் டேனிஷ் ஆகிவிட்டது. மூன்று நூற்றாண்டில் நடந்தது அது. எழுத்தை விட்டுவிட்டால் நமக்கு இரண்டு தலைமுறையே போதும்.

"சமையல்தானே, யூடியூப்ல எல்லாம் இருக்கே" என்று கேட்கலாம். உண்மை, இட்லிக்கு ஆயிரம் வீடியோ உண்டு. ஆனால் "ஒரு கை அரிசி", "பதம் பார்த்து இறக்கு" என்று உங்கள் அம்மா சொல்வது அதில் இல்லை. நான் ஐ.டி. வேலை பார்ப்பவன். நிரலில் ஒரு வரி அழிந்தால் பழைய பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் சொல்லுக்கு அப்படி ஒரு பேக்கப் கிடையாது.

ஆகவே ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்குங்கள். கணினியோ ஸ்விட்ச்சோ, வீட்டில் எது இருக்கிறதோ அதில் பிள்ளை ஆடட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் விடுபட்ட வரியை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். அம்மா சொல்ல, பிள்ளை தமிழில் எழுதட்டும். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம். இதை வாசிக்கிற இரண்டாம் தலைமுறைத் தம்பி, தங்கைகளே, உங்கள் அம்மா தானாக வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போன் போட்டு, ரசத்துக்கு என்ன அளவு என்று கேளுங்கள்.